கைவினைக்குக் கைகொடுத்த கமலாதேவி

பத்தாம் வகுப்பு மாணவி, நங்கநல்லூர்



நாட்டுக்கு உழைத்த பெண்மணிகள் யாவர் என்று கேட்டால், வாளேந்திய ராணியும், சிறை சென்ற தலைவியும், நோயாளிகளுக்குத் தொண்டு செய்த அன்னையும் உடனே நம் நினைவுக்கு வருவர். மேசையின் முன் அமர்ந்து, கோப்புகளைப் படித்து, அரசாங்கப் பணத்தை எந்தக் கலைக்கு எவ்வாறு கொடுப்பது என்று முடிவு செய்து, அதனால் அழியவிருந்த தொழில்களைக் காப்பாற்றிய பெண்மணி ஒருவரும் உண்டு என்றால் நாம் சற்றே வியப்போம். அவர்தாம் கமலாதேவி சட்டோபாத்தியாயர். அவர் சிறைக்கும் சென்றவர், மேடைகளிலும் முழங்கியவர். எனினும் அவர் வாழ்நாளின் பிற்பாதியில் செய்த பணியே நாம் இங்கு முதன்மையாகக் கூற விரும்புவது.

பிறப்பும் இளமையும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மங்களூரில், 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் கமலாதேவி பிறந்தார். தந்தையார் அனந்தையா தாரேஷ்வர் மாவட்ட உயர் அதிகாரி. தாயார் கிரிஜாபாய் நூல்கள் பல கற்றவர். இசையில் ஈடுபாடு உடையவர். வீட்டில் செல்வமும் கல்வியும் ஒருங்கே இருந்தன.

ஆனால் கமலாதேவிக்கு ஏழு வயதாக இருக்கும்போதே தந்தையார் காலமானார். அவர் உயில் எழுதி வைக்கவில்லை. அக்காலச் சட்டப்படி சொத்து முழுவதும் மூத்த தாரத்தின் மகனுக்குச் சென்றது. மாதந்தோறும் ஒரு தொகை கொடுப்பதாகச் சொன்னார்கள். தாயார் அதனை ஏற்கவில்லை. தம் சீதனத்தைக் கொண்டே மகளை வளர்த்தார். பிறர் இரங்கிக் கொடுக்கும் பணத்துக்கும், உரிமையோடு பெறும் பணத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சிறுமி தன் வீட்டிலேயே கண்டாள். பின்னாளில் கலைஞர்களுக்குப் பணம் வழங்கும் பொறுப்பு அவரிடம் வந்தபோது இந்த வேறுபாட்டை அவர் மறக்கவே இல்லை என்பதை நாம் காணப் போகிறோம்.

அக்கால வழக்கப்படி பள்ளிப் பருவத்திலேயே அவருக்கு மணம் நடந்தது. சிறிது காலத்துக்குள் கணவர் இறந்தார். தோழியரே, ஏறக்குறைய நம்மை ஒத்த வயதில் அவர் கைம்பெண் ஆனார்! தேர்வுக்குப் படிப்பதையே பெரும் துன்பமாகக் கருதும் நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூலையில் அமர்ந்து முடங்கியிருக்க வேண்டும் என்று ஊரார் எதிர்பார்த்தனர். தாயாரோ மகளைப் படிக்க அனுப்பினார்.

சென்னையில் கல்வி

நம் சென்னைக் கடற்கரையில் 1914-இல் தொடங்கப்பெற்ற இராணி மேரிக் கல்லூரியில் கமலாதேவி பயின்றார். அங்கே கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் தங்கை சுஹாசினி அவருடைய தோழியானார். அத்தோழியின் அண்ணன் ஹரீந்திரநாத் சட்டோபாத்தியாயர் கவிஞர், நாடகக்காரர். கைம்பெண் மறுமணம் செய்து கொள்வது பாவம் என்று எண்ணப்பட்ட நாட்களில், உறவினர் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது கமலாதேவி அவரை மணந்தார். கணவரோடு சேர்ந்து நாடகங்களில் நடித்தார். நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடை ஏறலாகாது என்ற கட்டுப்பாட்டையும் அவர் மீறினார். இலண்டன் சென்று பெட்போர்டு கல்லூரியில் சமூகவியல் பயின்றார். அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். பின்னாளில் கணவனும் மனைவியும் பிரிந்தனர்.

நாட்டுப்பணி

காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு இந்தியா திரும்பிய கமலாதேவி, சேவா தளத்தில் சேர்ந்து பெண் தொண்டர்களைப் பயிற்றுவித்தார். அயர்லாந்திலிருந்து வந்து நம் நாட்டுப் பெண்களுக்காக உழைத்த மார்கரெட் கசின்ஸ் அம்மையாரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. அடையாற்றில் 1917-இல் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தை நிறுவியவர்களுள் கசின்ஸ் அம்மையாரும் ஒருவர். அவர் தூண்டுதலால் 1926-இல் சென்னைச் சட்டசபைத் தேர்தலில் கமலாதேவி போட்டியிட்டார். பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்ற உரிமை அப்போதுதான் கிடைத்திருந்தது. மிகச் சில வாக்குகளில் அவர் தோற்றார். எனினும் அத்தகைய தேர்தலில் நின்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. 1927-இல் தோன்றிய அகில இந்திய மாதர் மாநாட்டுக்குச் செயலாளராகவும் உழைத்தார்.

1930-இல் உப்புச் சத்தியாகிரகம் வந்தது. தண்டி யாத்திரையில் காந்தியடிகள் பெண்களைச் சேர்க்கவில்லை. போராட்டத்தில் பெண்களுக்கும் பங்கு வேண்டும் என்று கமலாதேவி அவரிடமே வாதாடி இசைவு பெற்றார். பம்பாயில் உப்புப் பொட்டலங்களைத் தாமே விற்றுச் சிறை புகுந்தார். அதற்குப் பின்னும் பன்முறை சிறைவாசம் அனுபவித்தார்.

அகதிகளின் நடுவே

1947-இல் விடுதலை வந்தது. அதனோடு பிரிவினையும் வந்தது. வீடு வாசல் இழந்து இலட்சக்கணக்கான மக்கள் டில்லியை நோக்கி வந்தனர். பழைய தியாகிகள் பலர் பதவிகளில் அமர்ந்த அந்நேரத்தில் கமலாதேவி அகதிகளின் கூடாரங்களுக்குச் சென்றார். அரசாங்கத்தின் கையை எதிர்பாராமல் கூட்டுறவு முறையில் அம்மக்கள் தம் காலில் தாமே நிற்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் காந்தியடிகள் அவர் திட்டத்துக்கு ஆசி அளித்தார் என்பர். 1948-இல் இந்தியக் கூட்டுறவு யூனியன் தோன்றியது. வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து வந்த சுமார் 50,000 அகதிகளுக்காக டில்லிக்கு அருகில் பரீதாபாத் நகரம் எழுந்தபோது, அவரும் அவருடைய தோழர்களும் அங்கே கூட்டுறவுப் பணி ஆற்றினர்.

அங்குதான் அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களிடமும் இழக்காத ஒன்று இருந்தது. ஒருவருக்கு நெசவு தெரியும். ஒருவருக்குப் பூத்தையல் தெரியும். ஒருவருக்கு மரவேலை தெரியும். கொள்ளைக்காரர் பறிக்க முடியாத செல்வம் அவர்கள் கைகளில் இருந்தது. அதனை விற்கத்தான் இடமில்லை. டில்லியிலிருந்த மத்தியக் குடிசைத் தொழில் விற்பனை நிலையத்தின் நிருவாகம் 1952-இல் கூட்டுறவு யூனியனிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டின் பல மூலைகளில் செய்த பொருள்கள் தலைநகரில் விலைபோகத் தொடங்கின.

வாரியத் தலைவி

அதே 1952-இல் மத்திய அரசு அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தை அமைத்து, கமலாதேவியை அதன் தலைவியாக்கியது. அதுவரை அரசாங்கத்தை எதிர்த்துப் போராடியவர் இப்போது அரசாங்கப் பணத்துக்கே பொறுப்பாளரானார்.

இத்தகைய வாரியம் என்ன செய்கிறது என்று நம்மில் பலர் அறியோம். நாமும் இக்கட்டுரைக்காகப் படித்த பின்னரே அறிந்தோம். பாராளுமன்றம் ஆண்டுதோறும் நாட்டின் வரவு செலவுத் திட்டத்தை ஏற்கும்போது கலைகளுக்கும் தொழில்களுக்கும் ஒரு தொகை ஒதுக்குகிறது. அது மக்கள் கட்டிய வரிப்பணம். அந்தப் பணம் எந்த ஊருக்கு, எந்தத் தொழிலுக்கு, எதற்காகப் போக வேண்டும் என்று ஆராய்ந்து சொல்லுவது வாரியத்தின் வேலை. சொல்வது எளிது. கலைஞனோ தொலைவிலுள்ள சிற்றூரில் இருக்கிறான். பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவன். மனுப் போட அறியாதவன். மூலப் பொருளுக்கு முன்பணம் கொடுத்த வியாபாரிக்குக் கடன்பட்டிருக்கிறான். டில்லியிலிருந்து புறப்படும் ரூபாய் அவன் கைக்குச் சேருமுன் பல கைகளைக் கடந்தாக வேண்டும்.

ஆகவே கமலாதேவி நாற்காலியிலேயே அமர்ந்திருக்கவில்லை. இரயிலிலும் மோட்டாரிலும் ஊர் ஊராகச் சென்றார். குயவர், நெசவாளர், பாய் முடைவோர், வெண்கலம் வார்ப்போர் ஆகியோருடைய வீடுகளுக்கே போய், அவர்களோடு அமர்ந்து தொழிலைப் பார்த்தார். அவர் காலத்து வாரியம் செய்த பணிகளைச் சுருக்கமாகச் சொல்வதானால், கைதேர்ந்த ஆசானிடம் இளைஞர்கள் உதவித்தொகை பெற்றுக் கொண்டே தொழில் கற்கும் பயிற்சி நிலையங்கள் ஏற்பட்டன. டில்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் ஆகிய நகரங்களில் வடிவமைப்பு மையங்கள் தோன்றின. பொருள்களை விற்கக் கடைகளும் கண்காட்சிகளும் அமைந்தன. சிறந்த கைவினைஞர்களுக்கு 1965 முதல் தேசிய விருதுகள் வழங்கப்பட்டன. அதுவரை பட்டங்கள் பெற்று வந்தவர் பெரும்பாலும் படித்தவர்களே. பானை வனைபவனும் நெசவு நெய்பவனும் தலைநகரில் மேடையேறி விருது பெற்றது நம் நாட்டுக்குப் புதுமை.

அக்காலத்தில் நாடெங்கும் அணைகளும் உருக்காலைகளும் எழுந்து கொண்டிருந்தன. இயந்திர யுகத்தில் கைத்தொழிலுக்குப் பணம் செலவிடுவது வீண் என்று கருதியோர் பலர். ஆனால் ஓர் ஆலை வைக்கப் பெரும் முதல் வேண்டும். கைத்தொழிலுக்கோ சிறு முதலே போதும். வீட்டிலிருந்தே பெண்களும் செய்யலாம். மழையில்லாத மாதங்களில் உழவர் குடும்பத்துக்கு அது கஞ்சி வார்க்கும். எனவே கைவினை என்பது கண்காட்சிப் பெட்டிக்குள் வைக்கும் பழம்பொருள் அன்று, கோடிக்கணக்கானோரின் பிழைப்பு என்பதே கமலாதேவியின் உறுதியான எண்ணம்.

காளத்தியின் கலம்காரி

வாரியத்தின் பணியை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நம் சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகத் தொலைவில், ஆந்திர மாநிலத்தில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் காளஹஸ்தி உள்ளது. தமிழில் திருக்காளத்தி என்போம். துணியின்மேல் பேனாவைக் கொண்டு இராமாயண, பாரதக் காட்சிகளை வரையும் கலம்காரி அவ்வூர்க் கலை. கலம் என்றால் எழுதுகோல். மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, சற்று மேலே கம்பளி இழைகளையோ துணியையோ சுற்றி நூலால் கட்டுவார்கள். அதைச் சாயத்தில் தோய்த்து மெல்ல அழுத்த, சாயம் நுனிக்கு இறங்கி வரும்.

துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். பால் சேர்ப்பதால் சாயம் துணியில் பரவிக் கசியாது. இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊறப் போட்டுக் கறுப்புச் சாயம் எடுக்கிறார்கள். அந்நீர் கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன் கருமையாகிறது. சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும், நீலத்துக்கு அவுரியும் உதவுகின்றன. ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னும் ஓடும் ஆற்று நீரில் அலசி வெயிலில் காயப் போட வேண்டும். ஆதலால் ஒரு துணி முடியப் பல வாரங்கள் ஆகும். நம் வேதியியல் வகுப்பில் சோதனைக் குழாயில் காண்பதை அவர்கள் ஆற்றங்கரையில் பரம்பரையாகச் செய்து வந்திருக்கிறார்கள்!

ஐம்பதுகளில் இக்கலை அணையும் நிலையில் இருந்தது. வாங்குவோர் இல்லை, தந்தை அறிந்ததை மகன் கற்க விரும்பவில்லை. கமலாதேவியின் முயற்சியால் காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் தொடங்கியது. தொழிலறிந்த ஜொன்னலகட்டா லட்சுமய்யா அதில் ஆசானாக இருந்து கற்பித்தார். மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது. கற்றவர் பிறருக்குக் கற்பித்தனர். லட்சுமய்யாவின் மகன் குருப்ப செட்டி பிற்காலத்தில் இக்கலையில் பெரும் புகழ் பெற்று, 2008-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இன்று கலம்காரிப் புடவை வாங்கும் நம் அன்னையரில் எத்தனை பேர் இதனை அறிவர்? ஓர் ஆசானுக்குச் சம்பளமும் சில இளைஞருக்கு உதவித்தொகையும் என்று கோப்பில் இருந்த சில வரிகளால் ஒரு கலை பிழைத்தது.

அதே காலத்தில் நம் மாநிலத்திலும் இவ்வகை முயற்சி நடந்தது. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தோன்றி, பின்பு கல்லூரியாக வளர்ந்தது. ஒரே கல்லில் செதுக்கிய 32 அடி உயர ஆஞ்சநேயர் சிலையைக் காண நம் நங்கநல்லூருக்கு வெளியூரார் திரள்கின்றனர். அத்தகைய கல்லுளி வேலை இந்நூற்றாண்டு வரை வந்து சேர்ந்திருக்கிறதென்றால், யாரோ கற்பித்தார்கள், யாரோ அதற்குப் பொருள் உதவினார்கள் என்பதை மறக்கலாகாது.

ஆடலும் பாடலும் நாடகமும்

இசை, நடனம், நாடகம் ஆகியவற்றை வளர்க்க மத்திய அரசு சங்கீத நாடக அகாதமியை 1953 ஜனவரியில் தொடங்கியது. அதன் முதல் தலைவர் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி பி. வி. இராஜமன்னார் என்பது நமக்குப் பெருமை. 1954-இல் எழுத்துக்குச் சாகித்திய அகாதமியும், ஓவிய சிற்பங்களுக்கு லலித் கலா அகாதமியும் தோன்றின. சங்கீத நாடக அகாதமியில் கமலாதேவி துணைத் தலைவராகப் பணியாற்றினார். எழுபதுகளின் பிற்பகுதியில் தலைவராகவும் ஆனார். தாமே மேடையில் நடித்தவராதலால் கலைஞர்களின் வறுமையை அவர் ஏட்டில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை. அரசவைகளும் ஜமீன்களும் மறைந்த பின் கலைஞனை யார் தாங்குவது என்ற கேள்விக்கு, மக்களாட்சியில் மக்களே தாங்க வேண்டும் என்பதே இந்த அமைப்புகள் கூறும் விடை. நம் மாநிலத்தில் இயல் இசை நாடக மன்றம் கலைமாமணி விருது வழங்குவதும், நலிந்த கலைஞர்களுக்கு நிதியுதவி அளிப்பதும் இதே நோக்கத்தால்தான்.

சென்னைக்குத் தந்த கொடை

அரசாங்கம் மட்டுமே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று கமலாதேவி கருதவில்லை. 1964-இல் உலகக் கைவினை மன்றம் நியூயார்க்கில் தோன்றியபோது அதை உருவாக்கியோருள் அவரும் ஒருவர். அதே ஆண்டு இந்தியக் கைவினை மன்றமும் அவர் முயற்சியால் பிறந்தது. அதன் தலைமையகம் நம் சென்னையில் உள்ளது. பெண்கள் பலர் ஊதியம் கருதாது அதில் உழைத்து வருகின்றனர்.

விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1955-இல் பத்மபூஷணும், 1966-இல் மகசேசே விருதும், 1987-இல் பத்மவிபூஷணும் பெற்றார். நூல்கள் பல எழுதினார். 1988 அக்டோபர் 29-ஆம் நாள், தமது 85-ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அவர் தலைமை தாங்கிய கைவினைப் பொருள் வாரியத்தை மத்திய அரசு 2020-இல் கலைத்துவிட்டது. ஆயினும் கைவினைக்கான அரசு அலுவலகங்களும் தேசிய விருதுகளும் தொடர்கின்றன. அவர் காலத்தில் ஊன்றிய விதைகள் ஊர்களில் பயிராக நிற்கின்றன.

நாம் கற்க வேண்டியவை

தோழியரே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, உதவி வேறு, பிச்சை வேறு. கமலாதேவி கலைஞனுக்கு இலவசமாக எதையும் வீசவில்லை. கற்பதற்கு வழியும், செய்வதற்குப் பொருளும், விற்பதற்கு இடமும், செய்தவனுக்குப் பெயரும் தேடித் தந்தார். மாதத் தொகையை மறுத்த அன்னையின் மகள் வேறு எவ்வாறு நடந்திருப்பார்?

இரண்டாவது, பொதுப் பணத்தைக் கையாள்வதும் ஒரு தொண்டு. பெரியவளாகி என்ன ஆவாய் என்று கேட்டால், டாக்டர் என்றும் எஞ்சினியர் என்றும் நாம் சொல்கிறோம். கலை சோறு போடுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். பாடத் தெரிந்தவள் பாடகியாகலாம். பாடத் தெரியாதவளும் பாடுகிறவர்களுக்கு மேடை கிடைக்கச் செய்யும் அலுவலராகலாம். தகுதியுள்ளவனின் மனு தள்ளுபடியாகாமலும், தகுதியற்றவனுக்குச் சிபாரிசால் பணம் போகாமலும் காக்கும் நேர்மையான ஓர் அலுவலர் பல குடும்பங்களுக்கு விளக்கேற்றுகிறார். பெற்றோரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

மூன்றாவது நம் ஒவ்வொருவராலும் இன்றே செய்யக்கூடியது. நவராத்திரி வந்தால் தெருவோரத்தில் கொலு பொம்மைகள் விற்கிறார்கள். களிமண் பிசைந்து, சூளையில் சுட்டு, கண் திறந்து, வண்ணம் தீட்டிய பொம்மைக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி நாம் வாதாடுகிறோம். பெரிய கடையில் விலைச்சீட்டு ஒட்டிய பிளாஸ்டிக் பொம்மைக்கு வாய் திறவாமல் பணம் கட்டுகிறோம். இது நியாயமா? கலையைக் காக்கும் வாரியங்கள் டில்லியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாங்குகிற நாம் கேட்ட விலையைக் கொடுத்தால் அந்தக் கை அடுத்த ஆண்டும் பொம்மை செய்யும். செய்தவர் யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டால் அவர் முகமும் மலரும்.

சமூகம் மூலையில் உட்காரச் சொன்ன பெண், நாட்டின் மூலைமுடுக்குகளில் மறைந்து கிடந்த கைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அவர் பயின்ற கல்லூரி நம் நகரத்தில் இருக்கிறது. அவர் தோற்றுவித்த மன்றமும் நம் நகரத்தில் இருக்கிறது. அவர் செய்ததில் ஒரு சிறு பங்கையேனும் நாம் செய்ய முயல்வோமாக.